பைய என்று சொன்னவள்

என் அம்மா இடுப்பெலும்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தபோது, அவளைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். நான் தோளைப் பிடிப்பேன், அடுத்த வீட்டுக்காரி காலைப் பிடிப்பாள். கை படுவதற்கு முன்பே அம்மா கத்தத் தொடங்கிவிடுவாள். எங்கள் ஊரான கொல்லயிலில் வீட்டுச் சத்தம் சர்ச் வரைக்கும் கேட்கும். இத்தனைக்கும் நான் பாறசாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பதினெட்டு வருஷமாக ஒடிந்த எலும்புகளோடுதான் என் பிழைப்பு. அதனால் அம்மாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒருநாள் காலையில் அவள் வந்தாள். எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, ரப்பர் தோட்டத்து ஓரத்து வீட்டுக்கு வாழ வந்தவள். இடுப்பில் இரண்டு வயது மகள் ஜெனி. மகளைப் பாயில் இறக்கி, அவள் சரியாக உட்கார்ந்துவிட்டாள் என்று உறுதியான பிறகுதான் கையை எடுத்தாள். பிறகு கட்டிலருகே வந்து, நாங்கள் படும் பாட்டைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பழைய பெட்ஷீட் ஒண்ணு உண்டா?"

எடுத்துக் கொடுத்தேன். அதை நீளவாக்கில் நாலாக மடித்தாள். அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னாள். "எம்மா, நான் தொட மாட்டேன். துணிதான் தொடும். நீங்க மூச்சு மட்டும் விட்டா போரும். பைய."

மெத்தையை ஒரு கையால் அமுக்கி, அந்த இடைவெளியில் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். மறுபக்கம் வந்து அதன் நுனியைப் பிடித்தாள். என்னை எதிர்ப்பக்கம் பிடிக்கச் சொன்னாள். துணி நகர்ந்தது, அதோடு அம்மாவும் திரும்பினாள். கத்தவில்லை. திரும்பி முடித்த பிறகு அம்மா அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"இத எங்க படிச்ச மக்கா?"

"படிக்கல்ல எம்மா. தெரியும்."

எங்கள் ஊரில் மெதுவாக என்பதற்கும் மென்மையாக என்பதற்கும் பைய என்ற ஒரே சொல்தான். எல்லோரும் சொல்வோம். பஸ்சிலிருந்து இறங்குகிறவரிடம் சொல்வோம், தேங்காய் போடுகிறவரிடம் சொல்வோம். ஆனால் அவள் சொல்லும்போது அது வேறு மாதிரி இருக்கும். எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல இருக்காது, தன் கையிடமே சொல்லிக்கொள்வதுபோல இருக்கும். அடுத்த நாளிலிருந்து அம்மா என்னைக் கிட்டே விடவில்லை. "நீ தொடாண்டாம். அவள விளி" என்பாள். நாலு மாசம் தினமும் காலையில் வேலைகளை முடித்துவிட்டு, ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வந்துபோனாள். ஒருநாளும் கூப்பிட்டனுப்ப வேண்டியிருக்கவில்லை.

அவளிடம் நான் முதலில் பேசியது எங்கள் எக்ஸ்ரே அறையில்தான். ஜெனிக்கு அப்போது ஒன்றரை வயது, முன்கையில் ஒடிவு. கையை நேராக நீட்டி வைக்க நான் குனிந்தேன். அவள் தன் கையைக் குறுக்கே வைத்தாள்.

"நான் வைக்கேன் அக்கா. எப்பிடி வேணும்ணு சொன்னா போரும்."

சின்னப் பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது பெற்றவர்கள்தான் பிடித்துக்கொள்வார்கள், அது வழக்கம்தான். ஈயக் கவசத்தை மாட்டிவிட்டால் பாதிப் பேர் நடுங்குவார்கள், மீதிப் பேர் பிள்ளையின் கையை இறுக்கி அமுக்குவார்கள். இவள் தன் உள்ளங்கையைக் கீழே கொடுத்து அதன்மேல் ஜெனியின் கையைத் தானாகத் தங்க வைத்தாள். பிள்ளை அழவில்லை. ஒரே படத்தில் முடிந்தது.

ஆனால் படம் எனக்குத் திருப்தியாக வரவில்லை. எலும்புக்கு இருக்க வேண்டிய வெண்மை இல்லை, மங்கலாக இருந்தது. எக்ஸ்போஷர், கதிர் விழும் அளவு, கூடிவிட்டது என்று நினைத்தேன். ஆறுமாசம் கழித்து தோள்பட்டை எலும்பு ஒடிந்து வந்தபோது குறைத்து வைத்து எடுத்தேன். அப்போதும் அப்படியே மங்கல். மெஷின் பழசாகிவிட்டது என்று மேனேஜரிடம் குறை சொன்னேன்.

அவளுடைய மாமியாருக்கு அவளிடம் பிடிக்காததும் அந்த 'பைய'தான். மாமியார் கெட்டவள் இல்லை. சத்தத்தோடு வாழ்ந்து பழகினவள், அவ்வளவுதான். பாத்திரம் கழுவினால் தெருவுக்குக் கேட்க வேண்டும், கதவை அடைத்தால் வீடு அதிர வேண்டும். மருமகள் குடத்தைத் தரையில் வைத்தால் சத்தமே வராது. படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவாள். மழைக்காலத்தில் முற்றத்துப் பாசியில் கால் வைக்கவே மாட்டாள், சுற்றிப் போவாள்.

"வீட்டுக்குள்ள ஒரு ஆளு நிக்குதாண்ணு தெரியாது" என்று மாமியார் என் அம்மாவிடம் வந்து சொல்வாள். "பின்னால வந்து நிப்பா. நான் பேடிச்சுப் போவேன். எதுக்காக்கும் இப்பிடிப் பதுங்கணும்?"

ஊரில் அவளைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு, தலைக்கனம் பிடித்தவள் என்று. அதற்கு நானே சாட்சி. பனச்சமூடு போகிற பஸ்சில் ஒருநாள் அவளுக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. இறங்கும்போது என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "அக்கா, நீங்க இந்த வண்டியிலயா இருந்தீங்க?" என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். சர்ச்சிலும் எப்போதும் பெஞ்சின் இடது ஓரத்தில்தான் இருப்பாள். அங்கே வேறு யாராவது இருந்தால், அவர்கள் எழுந்துபோகும் வரை நின்றுகொண்டிருப்பாள். அதையும் பெருமை என்றுதான் சொன்னார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டும் நான் அவளிடம் சேக்காளியாகத்தான் இருந்தேன். அவள் கொண்டுவரும் பலாச்சக்கை அவியலைச் சாப்பிட்டேன். என் முதுகுவலிக்கு அவள் சொன்னபடி தலையணை வைத்துப் படுத்தேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கட்டன் சாயா குடிக்கும் பத்து நிமிஷம்தான் அந்த வருஷத்தில் என் நாளிலேயே நல்ல பத்து நிமிஷம். அவள் அதிகம் பேச மாட்டாள். நான் பேசுவேன், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்டவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஜெனிக்கு இரண்டரை வயதானபோது தொடையெலும்பு ஒடிந்தது.

அவளும் மாமியாரும் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பாயிலிருந்து எழுந்திருக்கும்போது கால் முறுக்கிக்கொண்டது என்றாள். வழக்கம்போலத் தானே ஜெனியை மேசையில் கிடத்தினாள். நான் படம் எடுத்தேன். திரையில் படம் வந்தது. தொடையில் புது ஒடிவு. முழங்காலுக்குக் கீழே, யாரும் இதுவரை சொல்லாத, தானாக ஒட்டிக் கொஞ்சம் வளைந்துபோன ஒரு பழைய ஒடிவு.

டாக்டர் புதிதாக வந்திருந்த இளைஞர். படத்தைப் பார்த்து, "எப்படி ஆச்சாம்?" என்று கேட்டார்.

"பாயில இருந்து எழும்பினதாம் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பழைய ஒடிவைச் சுட்டிக் காட்டினேன். அதைக் காட்டுவது என் வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொன்றும் சொன்னேன்.

"இது மூணாவது தடவை சார். பிள்ளைய நம்ம கையில விடவே மாட்டா. ஆரையும் தொட விடமாட்டா."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அவர் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். காரணம் புரியாத ஒடிவுகளோடு ஒரு பிள்ளை வந்தால் தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்ததால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. ஆனால் நான் இரண்டாவதாகச் சொன்னதற்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. என் அம்மாவை வலிக்காமல் திருப்பிய அதே கைகளைப் பற்றித்தான் அதைச் சொன்னேன்.

ஜெனியைத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. குழந்தைகள் நலக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். விசாரணை முடியும் வரை பிள்ளையிடம் பாட்டி இருக்கட்டும், தாய், நர்ஸ் இருக்கும்போது மட்டும் வந்து பார்க்கலாம், தூக்கக் கூடாது என்று ஆனது. அவள் கணவன் செங்கல் என்ற ஊரில் ஒரு ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். வாய் திறந்து பேசாதவன். அவன் பகலில் வேலைக்கும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தான். ஊரில் பேச்சுக்குக் கேட்க வேண்டுமா. பதுங்கிப் பதுங்கி நடந்தவளின் காரியம் இதுதான் என்றார்கள்.

என் அம்மா மட்டும் நம்பவில்லை. "ஏட்டி, அந்தக் கை ஒரு பூச்சியக் கூட அமுக்காது" என்றாள். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க மறுபடியும் நானும் அடுத்த வீட்டுக்காரியும்தான். அம்மா மறுபடியும் கத்தத் தொடங்கினாள்.

பதினாறாவது நாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஜெனியின் பழைய படங்களைக் கேட்டார்கள். ஆள்வசம் அனுப்பியிருக்கலாம். நானே சி.டி.யை எடுத்துக்கொண்டு போனேன்.

வார்டுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "அம்மைக்கு எப்பிடி உண்டு அக்கா? புண்ணு ஒண்ணும் வரல்லியே?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.

அப்போது உள்ளே ஜெனி அழுதாள். மாமியார் துணி மாற்றுவதற்காக அவளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இவள் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, பைய. இடுப்புக்குக் கீழ கை குடுங்க. காலப் பிடிக்காண்டாம். பைய மாமி."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கையை இடுப்புக்குக் கீழே கொடுத்தாள். பதினாறு நாளும் இப்படித்தான் என்று பக்கத்தில் இருந்த ஒரு பெண் சொன்னாள். அந்த ஜன்னலில் நின்றுதான் அவள் பிள்ளை வளர்த்திருக்கிறாள்.

படங்களைக் கேட்டிருந்தவர் எலும்பு, குருத்தெலும்பு நோய்களில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் டாக்டர். ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. மலையாளத்தில்தான் பேசினார். மூன்று படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எக்ஸ்போஷர் கூட்டி எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். ரெண்டாவது தடவையில இருந்து குறைச்சுத்தான் வெச்சேன். அப்படியும் இப்படித்தான் வந்தது. மெஷின் கேடாயிட்டுண்ணு நினைச்சேன்."

"மெஷின் சரியாத்தான் காட்டியிருக்கு. எலும்பே இவ்வளவுதான்" என்றார்.

முதல் படத்திலிருந்தே அது என் கண் முன்னால் இருந்திருக்கிறது. நான் மெஷினைச் சந்தேகப்பட்டேன், பிறகு அவளைச் சந்தேகப்பட்டேன்.

டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டார். திரும்பவில்லை. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய் அவள் தோளைத் தொட்டார். "வெளிச்சத்துப் பக்கமா நில்லுங்க" என்று சொல்லி அவள் கண்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எத்தனையோ நாள் எதிரில் உட்கார்ந்து சாயா குடித்திருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் லேசான நீலமாக இருந்தது.

அவளையும் கணவனையும் மாமியாரையும் தன் அறையில் உட்கார வைத்தார். படத்தில் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும் என்று என்னையும் இருக்கச் சொன்னார்.

"எலும்புன்னா வெறும் சுண்ணாம்பு இல்ல" என்று ஆரம்பித்தார். "சுண்ணாம்பு பிடிச்சு நிக்கறதுக்கு ஒரு நார் வேணும். தலைமுடியைப் பின்னறோமே, அதுபோல மூணு இழை சேர்ந்த நார். கொலாஜன்னு பேரு. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நார் பாதி அளவுதான் உண்டாகும். அப்போ எலும்பு சின்னக் காரணத்துக்கும் ஒடியும். அடிக்கணும்னு இல்ல. பாயிலிருந்து எழுந்தாலே போதும். கண்ணோட வெள்ளையிலயும் அதே நார்தான். அது மெலிஞ்சா உள்ளே இருக்கிற நிறம் நீலமா வெளியே தெரியும். வயசாக ஆகக் காதும் மந்தமாகும். பலருக்கு இது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வரும். சில பேருக்குப் புதுசாவும் வரும்."

ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்தார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். கீழே ஜெனியின் வட்டத்தைப் பேனாவால் அடைத்துக் கறுப்பாக்கினார். பிறகு பேனாவை மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

"வீட்டுல வேற யாருக்காவது அடிக்கடி ஒடிஞ்சதுண்டா?"

"எங்க குடும்பத்துல அப்பிடி ஒண்ணும் கெடையாது" என்றாள் மாமியார் உடனே.

டாக்டர் ஜெனியின் அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் பதில் தெரியும். ஆனாலும் சொல்லிவிடவில்லை, காத்திருந்தார். அவள் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் பிள்ளையை அடித்தவள் என்ற பழி போய்விடும். ஆனால் நோயை மறைத்துக் கல்யாணம் செய்தவள் என்ற பழி வந்துவிடும். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"எனக்கு ஏழு தடவை" என்றாள்.

மாமியார் நிமிர்ந்தாள்.

"கை மூணு, கால் ரெண்டு, விரலு ரெண்டு. எனக்க அப்பாக்கும் உண்டு. காதும் கேக்காது. கல்யாணத்துக்கு முன்னால ஆருட்டயும் சொல்லக்கூடாதுண்ணு எனக்க அம்மை சத்தியம் வாங்கினா." ஜெனியின் வட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "பிள்ளைக்கு வராதுண்ணு நினச்சேன். பைய வளத்தா வராதுண்ணு நினச்சேன்."

டாக்டர் அவளுடைய வட்டத்தையும் அவள் அப்பாவின் கட்டத்தையும் அடைத்தார். "வளர்ப்புல வர்றதும் இல்ல, போறதும் இல்ல" என்றார். "ஆனா நீங்க இப்படி வளர்க்கலைன்னா இது நாலாவது ஒடிவா இருக்காது. பத்தாவதா இருக்கும்."

அன்று சாயங்காலமே டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். வார்டுக்குள் போய் பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் ஜெனியைத் தூக்கியபோது நான் அங்கே இல்லை. இருந்திருக்க எனக்கு முகமும் இல்லை. எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்தார்கள். மாசங்கள் கழித்து வந்த முடிவிலும் டாக்டர் சொன்னதுதான் இருந்தது.

மாமியார் அவளைத் திரும்ப வீட்டில் ஏற்றவில்லை. முதலில் பிள்ளையை அடித்தாள் என்றவள், இப்போது குடும்பத்தை ஏமாற்றினாள் என்றாள். அவள் ஜெனியோடு பனச்சமூட்டுக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குப் போனாள்.

இரண்டு மாசம் கழித்து ஒரு பகல் பொழுதில் பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் அவளைக் கண்டேன். ஜெனிக்கு எலும்பு உறுதிக்கான மருந்து டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள், அதற்காகத் திருவனந்தபுரம் போகிறாள். ஜெனி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கேட்கிற வலது பக்கமாகப் போய் நின்றேன். எந்தக் காது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னேன்.

"நான்தான் டாக்டர்ட்ட சொன்னேன்."

"தெரியும் அக்கா" என்றாள். "அண்ணைக்கே தெரியும். நீங்க படத்தப் பாத்த பெறகு எனக்க முகத்தப் பாக்கல்ல."

கூட்டத்தில் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். அவள் உடம்பைத் திருப்பி ஜெனியை மறைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லல்லண்ணா அந்த டாக்டர் எங்களப் பாத்திருக்க மாட்டா. அதுவும் உண்டு. பின்ன, அந்தப் பதினெட்டு நாளு. அது எனக்கு இனி கிட்டாது. ரெண்டும் உண்டு அக்கா. நான் என்ன செய்ய?"

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். பிறகு கணவனைப் பற்றிக் கேட்டேன். முந்தின வாரம் வந்திருந்தானாம்.

"அவிய வந்து பிள்ளைக்கிட்ட இருந்தாவ. பெறகு கேட்டாவ, நீ எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் பையத் தூக்கியிருப்பேனேண்ணு. நான் எத்தன தடவ அவள வாரி எடுத்திருக்கேன், அதுல எது ஒடிஞ்சுதோண்ணு. அத மட்டும்தான் கேட்டாவ." ஜெனியின் காலுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

பஸ் வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். கண்டக்டர் அவசரப்படுத்தவில்லை. நான் அவரை அப்படி முறைத்திருப்பேன் போல.

கணவன் அவளையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு தனியாக வாடகைவீட்டுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நாகர்கோவில் என்றார்கள், தக்கலை என்றார்கள். அவள் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட வேண்டும் என்று நினைப்பேன், என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். அம்மா அந்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். கடைசி வாரத்தில் நான் தொடும்போதெல்லாம் கண்ணைத் திறந்து, "அவ வரல்லியா?" என்று கேட்டாள். நாளைக்கு வருவாள் என்று ஏழு நாளும் சொன்னேன். அடக்கம் முடிந்து, சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கிறது என்ற தைரியத்தில் அவளைக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

அதன் பிறகு நான்கு வருஷம் ஆகிவிட்டது. என் எக்ஸ்ரே மேசையில் எத்தனையோ தாய்மார் வந்துபோகிறார்கள். பிள்ளையை நான் தொடுவதற்கு முன்னால் இப்போது அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சென்ற வருஷம் அந்த டாக்டரின் குழு நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்தியது. எலும்பும் குருத்தெலும்பும் பிறவியிலேயே சரியாக அமையாத குடும்பங்களுக்கான முகாம். உயரம் நின்றுபோனவர்கள், மூட்டு வளைந்தவர்கள், சக்கர நாற்காலியில் வந்து சத்தமாகச் சிரித்த ஒரு பெரியவர். எனக்குப் படம் எடுக்கும் வேலை கொடுத்தார்கள். நான் பதிவு மேசைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். வருகிற ஒவ்வொருவர் பெயரையும் நானே எழுதினேன். அவள் பெயர் வரவில்லை.

மதியத்துக்குப் பிறகு களியக்காவிளையிலிருந்து ஒரு இளம் தாய், கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு ஒரே ஒரு தடவைதான் ஒடிந்திருக்கிறது. யார் அனுப்பினார்கள் என்ற கட்டத்தை நிரப்புவதற்காகக் கேட்டேன்.

"ஆசுபத்திரியில இருந்து ஒண்ணும் இல்ல சேச்சி. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில ஒரு அக்கா கிட்ட வந்து, பிள்ளைக்க கண்ணப் பாக்கட்டாண்ணு கேட்டா. எனக்கு முதல்ல பேடியாட்டு இருந்தது. அவ சொன்னா, எனக்கும் உண்டு, எனக்க மவளுக்கும் உண்டு, மறைக்காண்டாம், வீட்டுல எல்லாருட்டயும் சொல்லு, போய்க் காட்டுண்ணு. இந்த டாக்டருக்க பேரையும் எழுதித் தந்தா."

"கூட பிள்ள நின்னுதா?"

"நின்னுது. யூனிபார்ம் போட்டிருந்துது. அதுவே பைய நடந்து போய் பஸ்ல எடம் பிடிச்சுது."

எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பஸ் என்றெல்லாம் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. பின்னால் வரிசை நின்றது. அந்தத் தாயின் பெயரை எழுதி உள்ளே அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மார்த்தாண்டம் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயாக் கடையை ஒட்டி இடம் பார்த்து உட்கார்ந்தேன். குலசேகரம் பஸ் போனது, குளச்சல் பஸ் போனது, நாகர்கோவில் பஸ் எத்தனையோ போயின. மூன்றாவது சாயா வாங்கும்போது கடைக்காரர் கேட்டார்.

"ஆரப் பாத்து இருக்கிய?"

"எனக்க ஒரு சொந்தக்காரி வருவா."

"போன் பண்ணிக் கேக்கப்பிடாதா?"

"நம்பரு இல்ல."

"நம்பரு இல்லாத சொந்தமா?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லுமுன் தக்கலையிலிருந்து ஒரு பஸ் உள்ளே திரும்பியது. இறங்குகிறவர்களைப் பார்ப்பதற்காக எழுந்து நின்றேன்.